சிப்பாய்க்கான உடற்பயிற்சி: மூச்சு சீக்கிரம் தேறும், எலும்பு மெதுவாத்தான் தேறும்

பட்டாளத்துல சேரப் போறவங்க, சேர்ந்து முதல் சில மாசத்துல தவிச்சுட்டு இருக்கறவங்க, பத்து பேருக்கு காலைல பி.டி. எடுக்கற பொறுப்பு புதுசா தலைல விழுந்தவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். புஷ்-அப் எப்படி போடணும்னு காட்டற வீடியோ ஏகப்பட்டது இருக்கு. ஆனா எதை எப்போ கூட்டணும், எப்போ நிறுத்தணும், ஏன்னு சொல்றவங்க கம்மி, அடிபடறது எல்லாம் அந்த இடத்துலதான்.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். சேர்ந்த புதுசுல ஓட்டத்துல நான் கடைசி ஆளு. அது அவமானமா இருந்துச்சு, அதனால மத்தவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து தனியா ஓட ஆரம்பிச்சேன், மூணே வாரத்துல மூச்சு நல்லா தேறிடுச்சு, சரி இதான் வழின்னு தூரத்தை ரெண்டு மடங்கா ஆக்கிட்டேன். அப்போ கீழ்க்கால் எலும்புல ஒரு விரல் நுனி அளவு இடத்துல மட்டும் தொட்டா உயிர் போற மாதிரி வலி. வெளியில சொன்னா அடுத்த பேட்ச்சுக்கு தள்ளிடுவாங்கன்னு பயந்து வலி மாத்திரை போட்டுட்டு இன்னும் ரெண்டு வாரம் ஓடினேன். கடைசில ஸ்கேன் எடுத்தப்போ எலும்புல விரிசல். மூணு மாசம் போச்சு, கூட சேர்ந்தவங்க எல்லாம் பயிற்சி முடிச்சு கெளம்பிப் போறதை ஊன்றுகோலோட நின்னு பார்த்தேன். அப்போ யாராவது ஒருத்தர் கீழே நான் எழுதப் போறதை எனக்கு சொல்லியிருந்தா போதும், அந்த மூணு மாசம் மிஞ்சியிருக்கும்.

விஷயம் இதான்: உடம்புல எல்லா பாகமும் ஒரே வேகத்துல தேறாது. ஓட ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ரத்தத்தோட அளவு கூடுது, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிகமா ரத்தம் தள்ளுது, அதனால மூச்சு வாங்கறது சட்டுனு குறையுது. தசையும் பரவால்ல, முதல் சில வாரத்துல வர்ற பலம் பெரும்பாலும் நரம்பு கத்துக்கிட்டதால வர்றது, தசை நிஜமா பருக்க அதுக்கு மேல ஆகும். தசையை எலும்போட இணைக்கற தசைநாருக்கு மாசக்கணக்கு. எலும்பு இருக்கு பாருங்க, அது இன்னும் மெதுவு, அதுவும் ஒரு வினோதமான முறைல வேலை செய்யுது. புது சுமை வந்ததும் எலும்பு முதல்ல பழைய பகுதியை அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் அந்த இடத்துல புதுசு வைக்கும். எடுக்கறதுக்கு சில வாரம், வச்சு கெட்டிப்படறதுக்கு சில மாசம். நடுவுல ஒரு காலம் வருது, எலும்பு ஆரம்பிச்ச நாளை விட பலவீனமா இருக்கற காலம், தோராயமா மூணாவது நாலாவது வாரம். சரியா அதே சமயம்தான் மூச்சு தேறி உங்களுக்கு நம்பிக்கை பொங்கும். அந்த இடைவெளிலதான் கால் உடையுது.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1855ல பிரைத்ஹாப்ட்ங்கற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அடியே படாம மார்ச் பண்ணியே சிப்பாய்ங்களுக்கு பாதம் வீங்கி வலிக்கறதை பதிவு பண்ணினாரு. என்ன காரணம்னு அப்போ தெரியல. 1895ல எக்ஸ்ரே வந்தப்புறம், 1897ல படம் எடுத்துப் பார்த்தப்போதான் பாத எலும்புல முறிவுன்னு தெரிஞ்சுது. இன்னைக்கும் அதை மார்ச் முறிவுன்னுதான் சொல்றாங்க.

விதிகள்னு சொல்றது என்ன

அமெரிக்க ராணுவத்தோட 1992 பயிற்சி கையேட்டுல ஏழு விதி இருந்துச்சு: விடாம செய்யறது, படிப்படியா ஏத்தறது, பழகினதை விட கொஞ்சம் கூடுதல் சுமை கொடுக்கறது, எல்லா திறனையும் சமமா பாக்கறது, மாத்தி மாத்தி செய்யறது, எந்த வேலைக்கோ அதுக்கேத்த பயிற்சி, ஓய்வு. 2012 கையேட்டுல இதை மூணா சுருக்கினாங்க, துல்லியமா செய்யறது, படிப்படியா ஏத்தறது, எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கறது. ஏழோ மூணோ, ரெண்டு பட்டியல்லயும் இருக்கறது எதுன்னு பாருங்க, படிப்படியா ஏத்தறதுதான்.

கூடுதல் சுமைங்கறது ரொம்ப சிம்பிள், உடம்பு ஏற்கனவே செய்யற வேலையையே கொடுத்துட்டு இருந்தா அது மாறணும்னு அவசியமே இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல டிலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட சிப்பாய்ங்களோட சூம்பிப் போன காலை தேத்தறதுக்கு வெயிட்டை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி தூக்க வச்சாரு. அதுவரைக்கும் லேசான வெயிட்டை நிறைய தடவை தூக்கறதுதான் வழக்கம். இவர் முறைல ஆளுங்க வேகமா தேறினாங்க. இப்போ நாம சாதாரணமா சொல்ற 10 ரெப், 3 செட் (பத்து தடவை தூக்கி, கொஞ்சம் நின்னு, அப்படி மூணு சுத்து) எல்லாம் அவர் வேலைலேர்ந்து பரவினதுதான். அதாவது, ஏத்தி ஏத்தி செய்யற முறையை ஊருக்கெல்லாம் பரப்பினதே அடிபட்டு வந்த சிப்பாய்ங்களுக்கு செஞ்ச வைத்தியம்தான், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

எதை ஏத்தலாம்? நாலு திருகாணி இருக்குன்னு வச்சுக்கங்க: வாரத்துக்கு எத்தனை நாள், எவ்ளோ கடுமையா, எவ்ளோ நேரம், என்ன மாதிரி பயிற்சி. ஒரு வாரத்துல ஒண்ணை மட்டும் திருகுங்க. தூரத்தையும் கூட்டி வேகத்தையும் கூட்டி முதுகுல மூட்டையும் ஏத்தினா எது உங்களை கெடுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது. வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது தோராயமான அளவுதான், சட்டம் இல்ல, ரொம்ப கம்மியா ஓடறவங்க கொஞ்சம் கூட கூட்டலாம், ஏற்கனவே நிறைய ஓடறவங்களுக்கு 10 கூட ஜாஸ்திதான். நான் எல்லாருக்கும் சொல்றது, மூணு வாரம் ஏத்துங்க, நாலாவது வாரம் மூணுல ஒரு பங்கு குறைங்க. அந்த நாலாவது வாரம் சோம்பேறித்தனம் இல்ல, எலும்பு புதுசு வைக்கறதுக்கு நாம கொடுக்கற அவகாசம்.

ஓட்டம்

தினமும் எல்லாரையும் வரிசைல நிறுத்தி ஒரே வேகத்துல ஓட வைக்கறது பார்க்க அழகா இருக்கும், ஒத்துமையும் வரும், அதுக்காக மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வச்சுக்கங்க. ஆனா அது பயிற்சி இல்ல. முன்னாடி ஓடறவனுக்கு அது வாக்கிங், கடைசில ஓடறவனுக்கு அது பரீட்சை, நடுவுல இருக்கற நாலு பேருக்கு மட்டும்தான் சரியான அளவு. அதனால குரூப் பிரிங்க. 1968ல கூப்பர்ங்கற அமெரிக்க விமானப்படை மருத்துவர் வெளியிட்ட 12 நிமிஷ ஓட்டம் இதுக்கு இன்னைக்கும் சூப்பர், 12 நிமிஷத்துல எவ்ளோ தூரம் போறாங்கன்னு பாருங்க, அதை வச்சு மூணு குரூப்பா பிரிச்சுடுங்க, ஆறு வாரத்துக்கு ஒருதடவை மறுபடி ஓட வச்சு மாத்துங்க. ஸ்டாப்வாட்சும் அளந்த மைதானமும் இருந்தா போதும்.

ஓட்டத்துல ரெண்டு வகை வேணும். ஒண்ணு மெதுவான நீள ஓட்டம், பக்கத்துல ஓடறவன்கிட்ட முழு வாக்கியமா பேச முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவை மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி. நம்பர் வேணும்னா 220லேர்ந்து வயசை கழிங்க, 20 வயசுக்கு 200 வரும், அதுல 60லேர்ந்து 75 சதவீதம், அதாவது நிமிஷத்துக்கு 120லேர்ந்து 150 துடிப்பு, இந்த கணக்கு ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு முன்ன பின்ன இருக்கும் அதனால பேச்சு டெஸ்ட்தான் எனக்கு பிடிச்சது. இன்னொண்ணு வேகமா ஓடி நிறுத்தி ஓடி நிறுத்தறது. 30 செகண்ட் கிட்டத்தட்ட முழு வேகம், 60 செகண்ட் நடை, ஆறு தடவைல ஆரம்பிச்சு பத்து வரைக்கும் கொண்டு போங்க. அது பழகினதும் 60 செகண்ட் ஓட்டம், 120 செகண்ட் நடை. இதுல என்ன நல்லதுன்னா, வேகமா ஓடறவனும் மெதுவா ஓடறவனும் ஒரே மைதானத்துல ஒரே விசிலுக்கு அவங்கவங்க அளவுல உழைக்கலாம், யாரும் யாரையும் பிடிச்சு இழுக்க வேண்டியதில்ல. மொத்த கிலோமீட்டரும் கம்மி, எலும்பு மேல விழற அடியும் கம்மி.

புதுசா வந்தவங்களுக்கு வாரத்துக்கு மூணு நாள் ஓட்டம் போதும். பூட்ஸ் போட்டு ஓட வைக்காதீங்க, ஷூ போட்டு ஓடுங்க, பூட்ஸ் நடக்கறதுக்கு.

முதுகுல சுமை

சிப்பாயோட பயிற்சி மத்த விளையாட்டு வீரர் பயிற்சிலேர்ந்து பிரியற இடம் இதான். எவ்ளோதான் நல்லா ஓடினாலும் முதுகுல 20 கிலோவை வச்சா கதையே வேற, ஒல்லியா இருக்கற நல்ல ஓட்டக்காரங்க சுமையோட திணறுவாங்க, ஓட்டத்துல சுமாரா இருந்த கனத்த ஆளு அசராம நடந்து போவான், இதை நான் திரும்பத் திரும்ப பார்த்திருக்கேன். எந்த வேலையோ அதுக்கேத்த பயிற்சின்னு சொன்னது இதுதான். சுமை தூக்கி நடக்கணும்னா சுமை தூக்கி நடந்துதான் பழகணும், வேற எதுவும் முழுசா ஈடு ஆகாது.

ஆனா எவ்ளோ நாளைக்கு ஒருதடவை? பத்து நாளைக்கு ஒண்ணு, மாசத்துக்கு ரெண்டு மூணு. ரோமானிய படைல கூட மாசத்துக்கு மூணு தடவைதான் முழு ஆயுதத்தோட நடத்துவாங்களாம், கோடைக்கால 5 மணி நேரத்துல 20 ரோமானிய மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அவ்ளோ நடந்த படையே மாசத்துக்கு மூணோட நிறுத்தியிருக்கு, நாம வாரத்துக்கு ரெண்டு தடவை சுமையோட நடத்தி யாருக்கு என்ன நிரூபிக்கப் போறோம்?

ஆரம்பம் இப்படி வைங்க: உடம்பு எடைல பத்துல ஒரு பங்கு, 60 கிலோ ஆளுன்னா 6 கிலோ, 5 கிலோமீட்டர், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். ஈசியா இருக்கும். இருக்கட்டும். அடுத்த தடவை தூரம் மட்டும் கூடட்டும், அதுக்கு அடுத்து எடை மட்டும். வேகத்தை கடைசியா தொடுங்க. உடம்பு எடைல மூணுல ஒரு பங்கு வரைக்கும் பயிற்சில போனா போதும், 60 கிலோ ஆளுக்கு அது 20 கிலோ. நிஜ வேலைல அதை விட ஜாஸ்தியா தூக்க வேண்டி வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்காக வாராவாரம் அதையே தூக்கி முட்டியை தேய்க்கறதுல லாபம் இல்ல. சுமையோட ஓடாதீங்க, வேகமா போகணும்னா நிமிஷத்துக்கு வைக்கற அடியோட எண்ணிக்கையை கூட்டுங்க, எட்டை, அதாவது ஒவ்வொரு அடியோட நீளத்தை, நீட்டாதீங்க.

எட்டுன்னு சொன்னதும் ஒரு முக்கியமான விஷயம். உயரமானவங்களை முன்னாடி விட்டா அவங்க எட்டுக்கு ஈடு கொடுக்க பின்னாடி இருக்கற குட்டையானவங்க காலை இழுத்து இழுத்து நீட்டி வைப்பாங்க, முக்கியமா பெண் சிப்பாய்ங்களுக்கு இடுப்பு எலும்புலயே விரிசல் விழறதுக்கு இது ஒரு காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஆஸ்திரேலிய ராணுவத்துல மார்ச் வேகத்தை குறைச்சு, அவங்கவங்க எட்டுல நடக்க விட்டு, ஆளுக்கு ஆள் இடைவெளியும் கூட்டினப்போ அந்த காயம் நல்லா குறைஞ்சுது. செலவே இல்லாத மாத்தம். குட்டையானவங்களை முன்னாடி விடுங்க, அவ்ளோதான். பெண்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும், பயிற்சி கடுமையாகி சாப்பாடு பத்தாம போய் மாதவிடாய் நின்னுடுச்சுன்னா அதை நல்லதாப் போச்சுன்னு விடாதீங்க, எலும்புக்கு தேவையான ஹார்மோன் குறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட போங்க, சாப்பாட்டை கூட்டுங்க.

பை கட்டறதுல கனமான பொருள் மேல்பக்கமா, முதுகை ஒட்டி இருக்கணும். இடுப்பு பெல்ட் இருந்தா இறுக்குங்க, பாரத்துல ஒரு நல்ல பங்கு இடுப்புக்கு போயிடும். கால்ல இருக்கற ஒவ்வொரு கிலோவும் முதுகுல இருக்கற அஞ்சு கிலோ மாதிரி சக்தியை உறிஞ்சும், அதனால தேவைக்கு மேல கனமான பூட்ஸ் வேண்டாம். புது பூட்ஸை முதல்ல சும்மா நடமாடி பழக்குங்க, நீள மார்ச் அன்னைக்கு புதுசை போட்டுட்டு வந்து நிக்காதீங்க. பாதத்துல எங்கயாவது சூடா உரசற மாதிரி தோணினா அடுத்த நிறுத்தம் வரைக்கும் காத்திருக்காம அங்கேயே நின்னு டேப் ஒட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலை, விட்டா கொப்புளம் ஆகி ஒரு வாரத்தை தின்னுடும். ஈரமான சாக்ஸை மாத்துங்க.

பலம்

சிப்பாய் செய்யற கனமான வேலை என்னென்ன? தரைலேர்ந்து தூக்கறது, தூக்கிட்டு நடக்கறது, அடிபட்ட ஆளை இழுக்கறது, சுவர் ஏறறது, குனிஞ்சு நிமிர்ந்து ஓடறது. இதுல எத்தனை புஷ்-அப், சிட்-அப்ல வருது? அமெரிக்க ராணுவத்துல 1980லேர்ந்து புஷ்-அப், சிட்-அப், 3.2 கிலோமீட்டர் ஓட்டம்னு மூணையே டெஸ்டா வச்சிருந்தாங்க, டெஸ்ட்ல என்ன இருக்கோ அதைத்தான் எல்லாரும் பழகுவாங்க, அதனால வருஷக்கணக்கா பலம் தேவைப்படற வேலைக்கு பலமே பழகாம இருந்தாங்க. 2022ல அதை மாத்தி டெட்லிஃப்ட் (தரைல இருக்கற வெயிட்டை நிமிர்ந்து தூக்கறது), சுமையை இழுத்து ஓடறது, தூக்கி ஓடறது எல்லாம் சேர்த்தாங்க.

அதனால வாரத்துக்கு ரெண்டு நாள் பலப் பயிற்சி, அதுல அஞ்சு அசைவு இருந்தா போதும்: ஸ்குவாட் (முட்டி மடக்கி இறங்கி எழுந்திரிக்கறது), தரைலேர்ந்து தூக்கறது, தள்ளறது, இழுக்கறது, சுமந்து நடக்கறது. பார்பெல் இல்லன்னா மணல் மூட்டை, தண்ணி கேன், மரக்கட்டை, கூட இருக்கற ஆள், எதுவா இருந்தாலும் சரி. 3 செட், 6லேர்ந்து 10 ரெப், கடைசி ரெப்ல இன்னும் ரெண்டு போட முடியும்ங்கற அளவுல நிறுத்துங்க. முதுகு வளைஞ்ச டெட்லிஃப்ட், பாதி இறங்கற புஷ்-அப், கால் உதைச்சு ஏறற புல்-அப், இதெல்லாம் எண்ணிக்கைல சேர்க்காதீங்க. துல்லியமா அஞ்சு போடறவன் கோணலா பதினஞ்சு போடறவனை மூணு மாசத்துல தாண்டிடுவான்.

புல்-அப் ஒண்ணு கூட வரலன்னா: குதிச்சு மேல போய் தாடை கம்பிக்கு மேல இருக்க, மெதுவா 5 செகண்ட் எண்ணி இறங்குங்க. 5 தடவை, 3 செட், வாரத்துக்கு ரெண்டு நாள். கூடவே தாழ்வான கம்பில படுத்த மாதிரி இழுக்கறது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துல முதல் புல்-அப் வந்துடும்.

வார்ம்-அப்புக்கு அதிகம் எழுத வேண்டியதில்ல. பத்து நிமிஷம், மெதுவான ஜாக்கிங், அப்புறம் கை கால் அசைச்சு செய்யறது, லஞ்ஜ் (ஒரு காலை முன்னாடி வச்சு முட்டி மடக்கி இறங்கறது), முட்டி தூக்கி நடை, ரெண்டு மூணு சின்ன வேக ஓட்டம். நின்ன இடத்துல தசையை இழுத்துப் பிடிக்கற ஸ்ட்ரெச்சிங் காயத்தை தடுக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, 2000ல வெளிவந்த ஆஸ்திரேலிய ராணுவ ஆய்வுல 1538 ஆண் ரெக்ரூட்ஸை ரெண்டா பிரிச்சு பார்த்தாங்க, ஸ்ட்ரெச் பண்ணவங்களுக்கும் பண்ணாதவங்களுக்கும் காயத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆனா சேரும்போதே ஓட்டத்துல தேறியிருந்தவங்களுக்கு காயம் ரொம்ப கம்மி. அதனால இன்னும் சேராதவங்க கவனிங்க, சேர்றதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே மெதுவா ஓட ஆரம்பிச்சு, நடக்க ஆரம்பிச்சு, எலும்பை தயார் பண்ணிட்டு போங்க. உள்ள போனப்புறம் வேகத்தை முடிவு பண்றது நீங்க இல்ல.

ஓய்வும் தூக்கமும், அப்புறம் தண்டனை

பயிற்சி உடம்பை உடைக்குது, தூக்கம் கட்டுது. இதை ஏதோ ஆறுதல் வார்த்தைன்னு நினைக்காதீங்க. இஸ்ரேல் ராணுவத்துல காலாட்படை பயிற்சில எலும்பு விரிசல் ரொம்ப வந்துட்டு இருந்துச்சு, குறைஞ்சது 6 மணி நேரம் தூக்கம் கட்டாயம்னு ஆக்கி, மொத்த மார்ச் தூரத்தையும் குறைச்சப்போ அது கணிசமா இறங்கிச்சு. 6ங்கறது அடிமட்டம், உடம்பு கேக்கறது 7லேர்ந்து 9. ஒரே தசைக்கு கடுமையான வேலை கொடுத்தா 48 மணி நேரம் விடுங்க. வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு. சாப்பாட்டுல புரதம் உடம்பு எடைக்கு கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு இருந்தா போதும், ஆனா மொத்த சாப்பாடே பத்தலைன்னா புரதத்தை கணக்கு பண்ணி பிரயோஜனம் இல்ல, கடுமையான பயிற்சி காலத்துல எடை குறைக்கற முயற்சியை தள்ளி வைங்க.

இப்போ பி.டி. எடுக்கறவங்ககிட்ட கைகூப்பி கேக்கறேன். தண்டனையா உடற்பயிற்சி கொடுக்கறதை யோசிச்சு கொடுங்க. காலைல கால் வேலை முடிச்சவனுக்கு சாயங்காலம் 300 ஸ்குவாட் தண்டனை போட்டா அது அவனோட வார கணக்குல எங்கயும் எழுதப்படாது, ஆனா உடம்பு எழுதி வச்சுக்கும். பழக்கமே இல்லாத தசைக்கு ஒரேயடியா அளவுக்கு மீறி வேலை கொடுத்தா தசை செல் உடைஞ்சு அதுல இருக்கறது ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், ராப்டோமயோலிசிஸ்னு பேரு. தாங்க முடியாத தசை வலி, வீக்கம், சிறுநீர் கோலா கலர்ல போறது, இந்த மூணுல எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும், சிறுநீர் கலர் மாறினா ஒரு மணி நேரம் கூட தள்ளிப் போடக் கூடாது. சிக்கிள் செல் மரபு (ரத்த சிவப்பணுவை அரிவாள் வடிவமாக்கற மரபணு) உள்ளவங்களுக்கு இந்த ஆபத்து ஜாஸ்தி.

வலியை எப்படி பிரிச்சுப் பார்க்கறதுன்னு கேப்பீங்க. தசை முழுக்க பரவலா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, அசைஞ்சா குறையற வலின்னா பயம் இல்ல, ரெண்டு மூணு நாள்ல போயிடும். ஒரு பக்கம் மட்டும், விரல் வச்சு காட்டற மாதிரி ஒரே புள்ளில, எலும்பு மேல, ஓட ஓட கூடற வலி, ராத்திரி படுத்தாலும் இருக்கற வலி, அது வேற. அன்னைக்கே சொல்லுங்க. ரெண்டு வாரத்துல சரியாக வேண்டியதை நான் மூணு மாசமா ஆக்கினது மறைச்சதாலதான். வலி மாத்திரை போட்டு ஓடாதீங்க, அது வலியை மறைக்குமே தவிர விரிசலை மூடாது.

வெயில்

கால் உடைஞ்சா மூணு மாசம் போகும், வெயில்ல தப்பு பண்ணா ஆளே போயிடுவான். புது இடத்து வெப்பத்துக்கு உடம்பு பழக 10லேர்ந்து 14 நாள் ஆகும், முதல் வாரம் வேலையை பாதியா வைங்க. வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, 1950கள்ல அமெரிக்க மெரீன் பயிற்சி முகாம்ல நிறைய பேர் வெப்பத்துல விழுந்ததாலதான் ஈரப்பதம், நேரடி வெயில், காத்து எல்லாத்தையும் சேர்த்து அளக்கற குறியீட்டையே கொண்டு வந்தாங்க, அதுல எடை ஜாஸ்தி ஈரப்பதத்துக்குத்தான். காத்துல ஈரம் கூடினா வியர்வை காயாது, காயலன்னா உடம்பு குளிராது.

தண்ணி குடிங்க, ஆனா மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல வேண்டாம். அளவுக்கு மீறி தண்ணி மட்டும் குடிச்சு ரத்தத்துல உப்பு நீர்த்துப் போய் வலிப்பு வந்து செத்தவங்களும் உண்டு. நீள மார்ச்சா இருந்தா உப்பும் சேரணும்.

ஒருத்தன் தள்ளாடறான், சம்பந்தம் இல்லாம பேசறான், திடீர்னு கோவப்படறான், பேர் கேட்டா முழிக்கறான். வியர்வை கொட்டிட்டு இருந்தாலும் சரி, அது வெப்பத் தாக்குன்னு எடுத்துக்கங்க, உள் உடம்பு சூடு 40 டிகிரி தாண்டியிருக்கும். தோல் காஞ்சாத்தான் வெப்பத் தாக்குன்னு காத்திருந்து பல உயிர் போயிருக்கு. பையை கழட்டு, உடுப்பை தளர்த்து, குளிர்ந்த தண்ணி தொட்டில கழுத்து வரைக்கும் உட்கார வை, தலை முங்காம ஒருத்தர் பிடிச்சுக்கணும், தொட்டி இல்லன்னா ஐஸ் தண்ணில நனைச்ச பெட்ஷீட்டை உடம்பு முழுக்க சுத்தி சூடாக சூடாக மாத்திட்டே இரு. ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் குளிர வைக்கணும், முதல்ல குளிர வைக்கறது, அப்புறம்தான் ஏத்தி அனுப்பறது. நினைவு தெளிவா இல்லாதவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க. பயிற்சி தொடங்கறதுக்கு முன்னாடியே அந்த ஷீட்டும் ஐஸும் எங்க இருக்குன்னு பத்து பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

புதுசா வந்தவங்களுக்கு நான் போட்டுக் கொடுக்கறது: திங்கள் மெதுவான ஓட்டம் 20 நிமிஷம். செவ்வாய் பலம். புதன் 30 செகண்ட் 60 செகண்ட் ஓட்டம். வியாழன் ஓட்டமே இல்லாம மூட்டு அசைவு, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்தி வைக்கறது), லேசான சுமந்து நடை. வெள்ளி பலம், அதுக்கப்புறம் 15 நிமிஷம் மெதுவா ஓட்டம். சனிக்கிழமை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சுமை மார்ச், மத்த சனி நீச்சலோ விளையாட்டோ, மனசுக்கும் ஒரு மாத்தம் வேணும். ஞாயிறு தூக்கம். மார்ச் இருக்கற வாரம் வெள்ளிக்கிழமை கால் வேலையை விட்டுடுங்க. டிரில், அங்க இங்க நடக்கறது, நின்னு காவல் காக்கறது, இதெல்லாமும் கால் மேல விழற கணக்குதான், அந்த வாரம் டிரில் ஜாஸ்தின்னா ஓட்டத்தை குறைங்க. இதை யாரும் கூட்டிப் பார்க்கறதில்ல, பி.டி. எடுக்கறவர் ஒரு நோட்டுல மொத்தமா எழுதினாலே பாதி காயம் நின்னுடும்னு எனக்கு தோணும்.

வேற வேலைல மாட்டி ரெண்டு மூணு வாரம் முழுசா பயிற்சி பண்ண முடியலன்னா பதறாதீங்க. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, நேரம் குறைவா ஆனா கடுமை குறையாம செஞ்சாலே சம்பாதிச்சதை பெருமளவு காப்பாத்திக்கலாம். மொத்தமா விட்டிருந்தா திரும்ப வரும்போது விட்ட இடத்துலேர்ந்து தொடங்காம பாதிலேர்ந்து தொடங்குங்க.

டெஸ்ட் வாரத்துல புதுசா எதையும் தேத்த முடியாது, கெடுத்துக்கத்தான் முடியும். கடைசி கடுமையான ஓட்டம் நாலு நாள் முன்னாடி, அப்புறம் லேசா அசைச்சு விட்டா போதும். ஓட்டத்துல பெரும்பாலானவங்க தோக்கறது முதல் சுத்துலதான். 2.4 கிலோமீட்டரை 12 நிமிஷத்துல முடிக்கணும்னா 400 மீட்டர் சுத்து ஆறு, சுத்துக்கு 2 நிமிஷம். முதல் சுத்தை கூட்டத்தோட சேர்ந்து 1 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடினவன் நாலாவது சுத்துல நடந்துட்டு இருப்பான். அதனால முன்னாடி வாரங்கள்லயே 2 நிமிஷ சுத்து எப்படி இருக்கும்னு காலுக்கு பழக்கி வைங்க, வாட்ச் பார்க்காமலே அந்த வேகம் வரணும், டெஸ்ட் அன்னைக்கு எல்லாரும் பாய்ஞ்சு போகும்போது நீங்க அந்த வேகத்துலயே போங்க, அஞ்சாவது சுத்துல அவங்களை ஒவ்வொருத்தரா தாண்டுவீங்க.